சூளையில் பிறந்தது, வெயிலில் சாவது

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் கொலு பொம்மை, அகல்விளக்கு, கோப்பை என்று அடுக்குவார்கள். அந்த வரிசையில் வைக்க வேண்டிய இன்னொரு பொருள், அடுக்குபவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது: கைப்பேசி பேட்டரி. விருத்தாசலத்தில் அதைச் செய்வதில்லை. ஆனாலும் பிறப்பால் அது பீங்கானுக்குப் பங்காளி. லித்தியம் உப்பையும் கோபால்ட் ஆக்சைடையும் நுணுக்கிக் கலந்து, தீக்களிமண் பெட்டிகளில் நிரப்பி, 900 டிகிரியைத் தாண்டிய சூளையில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். வெளியே வருவது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் கறுப்புத் தூள். எவ்வளவு வேகத்தில் சூடேற்றுவது, எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்படி ஆறவிடுவது என்பதுதான் அந்த வேலையின் சூட்சுமம். விருத்தாசலத்துச் சூளைக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பாஷை புரியாவிட்டாலும் வேலை புரியும்.

அவ்வளவு தீயில் வெந்து வந்த பொருள், விருத்தாசலத்திலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் மேற்கே, வேப்பூர் கூட்டுரோட்டின் வெயிலில் சாகிறது. சார்ஜரின் மேல் பழி போடுகிறோம், கம்பெனியின் மேல் போடுகிறோம், ராத்திரி முழுக்க சார்ஜில் போட்ட பிள்ளையின் மேல் போடுகிறோம். முதல் குற்றவாளி சூடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது கடைகளில் விற்கும் போன்களில் 5000 எம்ஏஎச் பேட்டரி சாதாரணம். அந்த அளவுக்கு ஏறக்குறைய 28 கிராம் கறுப்புத் தூள் வேண்டும். அதில் 17 கிராம் கோபால்ட், 2 கிராம் லித்தியம். பெயர் லித்தியத்துக்கு, பாரம் கோபால்ட்டுக்கு. உலகின் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கோல்வேசி வட்டாரத்தில் ராட்சத இயந்திரங்கள் வெட்டும் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே கையால் குழி தோண்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு என்பதை 2016ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் பெரிய போன் கம்பெனிகள் தங்கள் கோபால்ட் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கின. லித்தியம் ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் பாறையிலிருந்தோ சிலியின் அட்டகாமா உப்புநீரிலிருந்தோ வந்திருக்கும்.

பேட்டரியின் மறுபக்கத்துக்கு கிராஃபைட் வேண்டும். அது நம்மிடம் சிவகங்கையில் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே வெட்டிச் சுத்தப்படுத்துகிறது. ஆனால் அது பெரும்பாலும் தீச்செங்கலுக்கும், உலோகம் உருக்கும் மூசைக்கும் போகிறது. பேட்டரிக்கு 99.9 சதவீதத்துக்கு மேல் தூய்மை வேண்டும், துகள் ஒவ்வொன்றும் உருண்டையாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் சீனா கையில் வைத்திருக்கிறது. அதே சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிறுவனம் அது. லித்தியம் அயனி செல் செய்யும் நுட்பத்தை அங்குள்ள விஞ்ஞானிகள் உருவாக்கி, 2018ல் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாற்ற ஒப்பந்தமும் போட்டார்கள். மண்ணும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இருந்தும் வேப்பூர்க்காரரின் போனுக்குள் இருக்கும் செல் பெரும்பாலும் கப்பலேறி வந்ததுதான்.

இந்தப் பொருளின் வம்சாவளியும் அப்படி நாடு நாடாக அலைந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் கம்பெனியில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கினார். 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் அந்தக் கோபால்ட் தூளைக் கண்டார்கள். 1985ல் ஜப்பானில் அகிரா யோஷினோ, தீப்பிடிக்கும் உலோக லித்தியத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதில் கரிப்பொருளை வைத்து முழு பேட்டரியாக்கினார். அதன் மேல் இரும்புக் கட்டியைப் போட்டு நசுக்கி, தீப்பிடிக்கவில்லை என்று பார்த்தபோதுதான் இந்த பேட்டரி உண்மையில் பிறந்தது என்று அவர் சொல்வதுண்டு. 1991ல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு. அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

நம் தலைமுறைக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதையும் உண்டு. டிடிகே என்றால் நமக்கு கேசட். இளையராஜா பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கிய கேசட். அந்த டிடிகே 1935ல் டோக்கியோவில் தொடங்கப்பட்டதே ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானைச் செய்து விற்கத்தான். அந்தப் பீங்கான் கம்பெனி 2005ல் ஏடிஎல் என்ற பேட்டரி கம்பெனியை வாங்கியது. இன்று உலகின் போன் பேட்டரிகளைச் செய்வதில் முன்வரிசையில் இருப்பது அந்த ஏடிஎல்தான். அதன் பெரிய ஆலைகள் சீனாவின் நிங்டேயிலும் டோங்குவானிலும் இருக்கின்றன. ஹரியானாவிலும் செல் தயாரிக்கப் போகிறது என்று 2023 டிசம்பரில் மத்திய அமைச்சர் அறிவித்தார்.

ஆலைக்குள் கறுப்புத் தூளைப் பசையாக்கி, அலுமினியத் தகட்டில் தடவுகிறார்கள். கிராஃபைட்டைச் செப்புத் தகட்டில். இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் சவ்வு. மூன்றுமே தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியவை. சவ்வின் மேல் அலுமினா பூசுகிறார்கள், அதாவது மறுபடியும் பீங்கான். பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கினாலும் இந்தப் பீங்கான் பூச்சு இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும். தொட்டால் தீ. 2016ல் சாம்சங் நோட் 7 போன்கள் விமானத்திலும் வீட்டிலும் பற்றியெரிந்து, மாடலையே கம்பெனி திரும்பப் பெற்றதே, அதற்குக் காரணம் இந்த இடைவெளியில் நேர்ந்த பிசகுதான். ஒரு ஆலையின் பேட்டரிகளில் மூலை மடங்கியிருந்தது. இன்னொன்றில் பற்றவைத்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சுருட்டி, உறையில் போட்டு, ஒரு துளி ஈரமும் இல்லாத அறையில் லித்தியம் நடமாடுவதற்கான திரவத்தை ஊற்றி மூடுகிறார்கள். அடுத்து முதல் சார்ஜ். இது மிகமிக மெதுவாக நடக்கும். அப்போது கிராஃபைட்டின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல ஒரு மெல்லிய படலம் கட்டுகிறது. பேட்டரியின் ஆயுள் இந்த ஆடையில்தான் இருக்கிறது. அது ஒழுங்காக இருந்தால் லித்தியம் போய் வரும், திரவம் சிதையாது. தடித்துக்கொண்டே போனால் லித்தியம் அதிலேயே சிக்கிச் செலவாகிவிடும். பேட்டரி கிழடாவது என்பது பெரும்பாலும் இந்த ஆடை தடிப்பதுதான். அதைத் தடிக்கவைப்பது சூடு.

செல் தனியாக விமானத்தில் வந்தால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது 2016லிருந்து சர்வதேச விதி. அரைகுறை சார்ஜில் தீயின் வீரியம் குறைவு, முதுமையும் குறைவு. புதுப்போன் பெட்டியைத் திறந்ததும் முழு சார்ஜ் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். வந்த செல் ஸ்ரீபெரும்புதூரிலோ ஸ்ரீசிட்டியிலோ நொய்டாவிலோ போனுக்குள் ஒட்டப்பட்டு, வண்டியேறி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வழியாக வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்குகிறது.

இங்கேதான் அதன் வாழ்க்கை தொடங்குகிறது. வீட்டில் முதல்முறை சார்ஜ் ஏற்றும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் பங்கு உண்டு. விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் கொடுத்த அதே நெய்வேலிதான். 5000 எம்ஏஎச் பேட்டரி கொள்வது சுமார் 19 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துத் தினம் ஒருமுறை முழுசாக ஏற்றினாலும் வருஷத்துக்குப் பத்து யூனிட் ஆகாது. போன் சார்ஜ் போட்டே கரண்ட் பில் ஏறிவிட்டது என்று பிள்ளைகளைத் திட்டுவதில் நியாயமில்லை.

கடைக்காரர் கொடுக்கும் முதல் புத்திமதி, "எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்கண்ணே." இது நிக்கல் பேட்டரி காலத்து வழக்கம். முழுக்கக் காலி செய்துதான் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதும் அந்தக் காலத்ததே. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடிய நாட்களில் நம் கையிலிருந்த பிஎல்-5சி பேட்டரிகூட லித்தியம் அயனிதான். அதற்கே இந்த விதி பொருந்தாது. லித்தியம் பேட்டரிக்கு ஞாபகசக்தி கிடையாது. 35ல் செருகி 70ல் பிடுங்கினால் அது கோபித்துக்கொள்ளாது, சந்தோஷமே படும். முழுக்க நிரம்பிய நிலை, முழுக்க வற்றிய நிலை என்ற இரண்டு ஓரங்களும்தான் அதற்குச் சிரமம். 100ஐத் தொடும்போது ஒரு செல்லின் அழுத்தம் 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. அந்த உயரத்தில் திரவம் மெல்லச் சிதையத் தொடங்குகிறது. அதனால்தான் 80க்கு மேல் போனே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறது. பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி அமைப்புகளில் பேட்டரி என்ற பக்கத்தில் இருக்கிறது. தினமும் சாயங்காலத்துக்குள் வீடு திரும்புகிறவர் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. சார்ஜ் பத்தாமல் தவிப்பவர் போட வேண்டாம்; போன் மனிதனுக்காகத்தான்.

இப்போது வெயிலுக்கு வருவோம். ஆப்பிள் தன் போன்களை 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் எச்சரிக்கிறது. இதை எழுதியவர்கள் நடுநாட்டுச் சித்திரையைப் பார்த்ததில்லை. வேப்பூர் சுற்றுவட்டாரம் மானாவாரி பூமி. மக்காச்சோளத்தைச் சாலையிலேயே கொட்டி உலர்த்தும் ஊர். நிழலிலேயே 40ஐத் தொடும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டுத் தொழுதூர்வரை போகிறவரின் போன், வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, டவரைத் தேடி, அதற்கு மேல் வெயிலையும் வாங்கி, கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கிறது. சில சமயம் தானே அணைந்துவிடும். அது பழுதல்ல, தற்காப்பு.

துறையில் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. முழுசாக நிரப்பிய லித்தியம் அயனி பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் 20 சதவீதக் கொள்ளளவு போகும். 40 டிகிரியில் 35 சதவீதம். அதையே 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 25 டிகிரியில் போவது 4 சதவீதம்தான். 40 டிகிரியில் 15. எல்லா பேட்டரிக்கும் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் திசை மாறாது: நிறைந்த பேட்டரியும் வெயிலும் சேர்வதுதான் ஆகக் கெட்ட கூட்டணி. ராத்திரி முழுக்க சார்ஜில் போடுவதைப் பற்றிய பயத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். நிரம்பியதும் போன் நிறுத்திக்கொள்ளும், பொங்கி வழியாது. ஆனால் தலையணைக்கு அடியில், சிமெண்ட் சீட்டு வீட்டில், தடித்த கவர் போட்டு, 100 சதவீதத்தில் விடியும்வரை கிடந்தால் கெடுதல்தான். கவரைக் கழற்றி, தரையிலோ கல்திண்ணையிலோ வைத்து சார்ஜ் போடுங்கள். வேக சார்ஜரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, வீட்டில் சாதாரண சார்ஜரைப் பயன்படுத்துங்கள். வெயிலில் கொதித்து வந்த போனை உடனே செருகாமல் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் பூக்கும்.

வேப்பூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் விடியலுக்கு முன்பே கூட்டம் கூடிவிடும். விலை பேசுவது, பணம் அனுப்புவது, மறுமுனையில் வாங்குபவருக்கு ஆட்டை வீடியோவில் காட்டுவது என்று எல்லாம் போனில்தான். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்கிறது. கூட்டம் அதிகமாக, ஆளாளுக்கு டவரைப் பிடித்து இழுக்க, சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் ரேடியோவை உரக்க இயக்குகிறது. காட்டுக்கொல்லையில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இதனால்தான். பேச வேலையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் போட்டு வைத்தால் பேட்டரியும் பிழைக்கும், சூடும் அடங்கும்.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த பிள்ளை விட்டுப்போன பழைய போன் பீரோவில் கிடக்குமே, அதற்கு வேறு மரணம். சார்ஜ் வற்றி, மாதக்கணக்கில் கிடந்து, செல்லின் அழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் உள்ளேயிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே தொடுப்பு உண்டாக்கலாம். செத்த பேட்டரியை நேரடியாக மின்சாரம் கொடுத்து உசுப்பி எழுப்பித் தருவதாகச் சொல்லும் கடைகளில் இதை யோசிக்கிறவர்கள் குறைவு. எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் போன் 20 சதவீதத்தில் இருக்கும்போதே பொசுக்கென்று அணைகிறது. கிழட்டு பேட்டரியின் உள்தடை கூடிவிட்டதால், கேமராவைத் திறந்ததும் கேட்கப்படும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் அழுத்தம் சரிகிறது. அதைவிட மோசமான அறிகுறி, திரை ஓரம் தூக்கிக்கொள்வது. பேட்டரி உப்பிவிட்டது. திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. அந்த வாயு எரியக்கூடியது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துப் பழையபடி மூடித்தரும் வித்தை சில இடங்களில் நடக்கிறது. அதைச் செய்பவர் கண்ணையும் கையையும் பணயம் வைக்கிறார். உப்பிய போனை சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்று பேட்டரி வாங்கும்போது ஒட்டுத்தாளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணையும் பாருங்கள். கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளுக்கு இந்தப் பதிவு இங்கே கட்டாயம். பழைய பேட்டரி 5000 என்றிருக்க, அதே நீள அகலத்தில் 7000 என்று அச்சடித்து வந்தால் அது பொய். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்களின் பேட்டரி, 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரனுக்குக் கிடைத்த அந்த உத்தரவாதம் 40 டிகிரியில் வாழ்கிறவனுக்கு இன்னும் அவசியம்.

கழற்றிய பேட்டரி எங்கே போகிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் இருண்ட கட்டம். சட்டப்படி அதற்கும் வழி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற கம்பெனியே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்கின்றன. ரூர்க்கியில் உள்ள அட்டெரோ போன்ற ஆலைகள் பேட்டரியை நொறுக்கி, கறுப்புத் தூளாக்கி, கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரித்தெடுக்கின்றன. காங்கோவில் தோண்டிய 17 கிராமில் பெரும்பகுதியை மீட்கலாம். ஆனால் கூட்டுரோட்டுச் சர்வீஸ் கடையின் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் குவியும் பேட்டரிகள் ரூர்க்கிவரை போக வழியில்லாமல் பழைய இரும்போடும் குப்பையோடும் போகின்றன. குப்பை வண்டியில் நசுங்கினால் தீ. பேட்டரியின் மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சந்தைக்குச் சுற்றுவட்டாரமே வேப்பூருக்கு வருகிறது. அன்றைக்கு ஊராட்சி அலுவலகம் நிழலில் ஒரு இரும்புப் பெட்டியும் அரைப்பெட்டி உலர்ந்த மணலும் வைத்து, முனைகளில் டேப் ஒட்டிய பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளட்டும். பெட்டி நிறைந்ததும் கம்பெனிகளின் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரை வரச்சொல்லி ஒப்படைக்கலாம். எடுத்துப்போகும் செலவு, விதிப்படி, விற்ற கம்பெனியுடையது. சர்வீஸ் கடைக்காரர்கள் அதுவரை அந்த அட்டைப்பெட்டியை மட்டுமாவது வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வையுங்கள்.